புது கன்சோல் வந்தாச்சு, கேம் எங்கே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிய கன்சோல், அதாவது வீடியோ கேம் விளையாடும் மெஷின், வெளியாகிற ஒவ்வொரு முறையும் சில மாதங்களில் ஒரே புலம்பல் கிளம்புகிறது: மெஷின் அருமை, விளையாடத்தான் ஒன்றும் இல்லை. வாங்கலாமா என்று யோசிப்பவர்களும், வாங்கிவிட்டு விழிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் நிண்டெண்டோவைச் சுற்றியே இருக்கும். இந்த விஷயத்தில் மிக மோசமாக அடிபட்டதும், அதிலிருந்து நன்றாகப் பாடம் படித்ததும் அந்தக் கம்பெனிதான்.

கேம் பஞ்சம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

முதல் சில வாரம் பிரச்சினையே தெரியாது. கன்சோலோடு வந்த கேம்கள் இருக்கும், புது மெஷின் கைக்கு வந்த சந்தோஷமும் இருக்கும். அதெல்லாம் முடிந்த பிறகு, அந்த மெஷினுக்கென்றே செய்த அடுத்த பெரிய கேம் வரும்வரை ஒரு நீண்ட இடைவெளி விழும். அதைத்தான் பஞ்சம் என்கிறேன். பெரும்பாலும் மூன்றாவது மாதம் தொடங்கும். சில கன்சோல்களில் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுகூட நீண்டிருக்கிறது.

கடையில் கேமே இருக்காது என்று அர்த்தமில்லை. பழைய கன்சோலிலும் ஓடுகிற கேம், நான்கு வருடத்துக்கு முன் வந்ததன் மறுவெளியீடு, அவசரத்தில் முடித்து அனுப்பியது என்று அலமாரி நிறைய இருக்கும். இதற்காகத்தான் இவ்வளவு காசு கொடுத்தேன் என்று சொல்லவைக்கும் கேம் மட்டும் இருக்காது.

ஒவ்வொரு முறையும் ஏன் இப்படி ஆகிறது? முன்கூட்டியே தயார் செய்ய மாட்டார்களா?

செய்யத்தான் பார்க்கிறார்கள். ஆனால் கன்சோல் எப்போது வரும் என்பதை முடிவு செய்வது சிப் உற்பத்தி, கிறிஸ்துமஸ் விற்பனை, போட்டிக் கம்பெனியின் திட்டம் ஆகியவை. கேம் எப்போது முடியும் என்பது வேறு கணக்கு. 2023-இல் மைக்ரோசாஃப்ட், ஆக்டிவிஷன் என்ற கேம் கம்பெனியை வாங்குவதை எதிர்த்து அமெரிக்காவில் நடந்த வழக்கில், சோனியின் ஆவணம் ஒன்றில் மறைக்க வேண்டிய எண்களைச் சரியாக மறைக்காமல் விட்டுவிட்டார்கள். அதில் 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்' கேமுக்குச் செலவு 21.2 கோடி டாலர், காலம் ஐந்து ஆண்டு, வேலை உச்சத்தில் இருந்தபோது 300 பேர் என்று இருந்தது. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2'-க்கு 22 கோடி டாலர். இந்த அளவுக் கேம் ஒன்று வெளியீட்டு நாளில் தயாராக இருக்க வேண்டுமென்றால், கன்சோலின் சிப் எப்படி இருக்கும் என்றே தெரியாத காலத்தில் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும்.

அப்படித் தொடங்குபவர்களின் கையிலும் உண்மையான கன்சோல் இருக்காது. டெவ் கிட் என்று, கேம் எழுதிச் சோதித்துப் பார்ப்பதற்கான மெஷின் ஒன்று கொடுப்பார்கள். எக்ஸ்பாக்ஸ் 360-க்குக் கேம் செய்தவர்களிடம் முதலில் வந்த டெவ் கிட், ஆப்பிளின் பவர் மேக் ஜி5 கம்ப்யூட்டர். மைக்ரோசாஃப்ட் கன்சோலுக்கு ஆப்பிள் கம்ப்யூட்டரில் கேம் எழுதினார்கள், ஏனென்றால் ஏறக்குறைய அதே வகை பிராசஸர் அதில்தான் இருந்தது. இறுதியான கிட் ஸ்டுடியோக்களுக்குக் கிடைத்தபோது வெளியீட்டுக்குச் சில மாதங்களே பாக்கி. உத்தேசத்தில் எழுதியதை நிஜ மெஷினில் ஓடவைப்பதிலேயே அந்த மாதங்கள் கரைந்துவிடும். சோனியின் பிளேஸ்டேஷன் 3, அதாவது பிஎஸ்3-இன் கதை இன்னும் கஷ்டமானது: அதன் 'செல்' பிராசஸரில் துணைக் கோர்களுக்குத் தனித்தனியாக வேலை பிரித்துக் கொடுத்தால்தான் வேகமே வெளிப்படும். அதைப் பிடிபட வைத்துக்கொள்ளவே பல ஸ்டுடியோக்களுக்கு வருடக்கணக்கானது.

அடுத்தது வியாபாரம். வெளி ஸ்டுடியோக்கள் பார்க்கும் முதல் எண், எத்தனை பேர் வீட்டில் கன்சோல் இருக்கிறது என்பது. முதல் வருடத்தில் அது சின்ன எண். அதனால் அவர்கள் காத்திருப்பார்கள். அவர்கள் காத்திருப்பதால் வாங்குபவர்களும் காத்திருப்பார்கள். இந்த முடிச்சை அவிழ்க்கக்கூடிய ஒரே ஆள், கன்சோல் செய்த கம்பெனியின் சொந்த ஸ்டுடியோ. அந்த ஸ்டுடியோவின் தேர்ந்த குழுவோ முதல் நாள் கேமை முடித்துவிட்டு, அடுத்ததற்கு இன்னும் கதையே எழுதத் தொடங்கியிருக்காது.

ஆக, ஒரு கன்சோலின் பஞ்சம் அது கடைக்கு வருவதற்கு மூன்று, நான்கு வருடம் முன்பே முடிவாகிவிடுகிறது. எத்தனை குழு, எத்தனை மெஷினுக்கு வேலை பார்க்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் நாள் எத்தனை கேம் வருகிறது என்று பார்த்து வாங்கலாமா?

அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். 1990 நவம்பரில் ஜப்பானில் நிண்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் இரண்டே கேமோடு வந்தது: 'சூப்பர் மாரியோ வேர்ல்ட்', 'எஃப்-ஸீரோ'. பெரிய வெற்றி. 1996 செப்டம்பரில் அமெரிக்காவில் நிண்டெண்டோ 64 வந்தபோதும் இரண்டுதான், 'சூப்பர் மாரியோ 64', 'பைலட்விங்ஸ் 64'. ஆனால் அதற்குப் பிறகு கேம்கள் சொட்டுச் சொட்டாகவே வந்தன. டிஸ்க்குக்குப் பதிலாக அது பயன்படுத்திய கார்ட்ரிட்ஜ் விலை அதிகம், அதில் இடமும் குறைவு. ஸ்கொயர் என்ற கேம் கம்பெனி தன் 'ஃபைனல் ஃபேன்டசி 7'-ஐ பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டது. நிண்டெண்டோவின் ஸெல்டா கேமான 'ஒக்கரினா ஆஃப் டைம்' வர 1998 நவம்பர் ஆனது.

பார்க்க வேண்டியது மூன்றாம் மாதத்திலிருந்து பன்னிரண்டாம் மாதம் வரை தேதியோடு அறிவிக்கப்பட்ட கேம்களை. 'விரைவில்' என்று போட்டிருப்பதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். பிஎஸ்4-ஓடு கூடவே வரும் என்று சொன்ன 'டிரைவ்கிளப்', கன்சோல் வந்து பதினோரு மாதம் கழித்து 2014 அக்டோபரில்தான் வந்தது.

மிக மோசமான பஞ்சம் எது?

என்னைக் கேட்டால் நிண்டெண்டோவின் வீ யூ கன்சோல். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2012 நவம்பர் 18-இல் அமெரிக்காவில் வெளியானது. 'நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் யூ', 'நிண்டெண்டோ லேண்ட்', யூபிசாஃப்ட் என்ற வெளிக் கம்பெனியின் 'ஸோம்பியூ' என்று முதல் நாள் பட்டியல் பார்க்க நன்றாகவே இருந்தது. இரண்டு மாதம்தான். 2013 ஜனவரி 23-இல் நிண்டெண்டோவின் தலைவர் சடோரு இவாடா வீடியோவில் தோன்றி, ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் சொல்லிக்கொள்ளும்படி கேம் இல்லாததற்கு மன்னிப்புக் கேட்டார்.

அந்த பிப்ரவரியில் ஒரு நம்பிக்கை இருந்தது: 'ரேமேன் லெஜண்ட்ஸ்'. வீ யூவுக்கு மட்டும் என்று அறிவித்த கேம். கையில் பிடிக்கும் கேம்பேட் என்ற கன்ட்ரோலரின் திரையைத் தொட்டு கயிற்றை அறுப்பது, மேடையை நகர்த்துவது என்று ஒருவர் செய்ய, இன்னொருவர் டிவியில் ஓடிக் குதிக்கலாம். அந்த மெஷினை ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதை விளக்கிச் சொல்லாமலே புரியவைக்கும் கேம் அது. பிப்ரவரி 26-இல் வர வேண்டியது. மூன்று வாரம்கூட இல்லாத நிலையில் யூபிசாஃப்ட் அதைத் தள்ளிவைத்தது. பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் சேர்த்து ஒரே நேரத்தில் வெளியிடப் போவதாகச் சொன்னது. பிறகு ஸோம்பியூவால் லாபம் வரவில்லை என்று அந்தக் கம்பெனியே வெளிப்படையாகச் சொன்னபோது காரணம் புரிந்தது. 2013 மே மாதம், வீ யூவுக்கு எந்தக் கேமும் தயாரிப்பில் இல்லை என்று இன்னொரு பெரிய கேம் கம்பெனியான இஏ அறிவித்தது. 2011-இல் நிண்டெண்டோ மேடையில் ஏறி இதுவரை இல்லாத கூட்டணி என்று பேசிய அதே இஏ.

சொந்த ஸ்டுடியோக்கள் ஏன் கைகொடுக்கவில்லை? முந்தைய கன்சோலான வீ காலத்தில் எச்.டி. எனப்படும் கூர்மையான படத் தரத்தின் பக்கமே போகாமல் இருந்துவிட்டார்கள். எச்.டி. கேம் செய்ய இரண்டு மடங்கு ஆள் தேவைப்படும் என்பதைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று மாரியோவை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோவே 2013-இல் ஒப்புக்கொண்டார். இருந்த ஆட்களையும் கையடக்க 3டிஎஸ், டிவி கன்சோல் என்று இரண்டு மெஷினுக்குப் பங்கு போட வேண்டியிருந்தது. 'பிக்மின் 3' வர 2013 ஜூலை ஆனது. 'மேரியோ கார்ட் 8' வர 2014 மே. அதற்குள் மக்கள் மறந்துவிட்டார்கள். 2013 ஏப்ரல் முதல் ஜூன் வரை உலகம் முழுக்க அனுப்பப்பட்ட வீ யூக்கள் வெறும் 1.6 லட்சம். முந்தைய வீ 10 கோடிக்கு மேல் விற்றிருந்தது. வீ யூ கடைசிவரை 1.36 கோடியைத் தாண்டவில்லை.

எனக்கு இது வருத்தமான கதை. 'சூப்பர் மாரியோ 3டி வேர்ல்ட்', 'மேரியோ கார்ட் 8' எல்லாம் முதல் தரமான வேலை. வர வேண்டிய நேரத்தில் வராததால் வீணான உழைப்பு.

3டிஎஸ்-உம் அப்படித்தானே ஆரம்பித்தது? அது எப்படித் தப்பித்தது?

விலையைக் குறைத்து. 2011 பிப்ரவரியில் ஜப்பானில் 25,000 யென்னுக்கு வந்தது, ஆகஸ்டில் 15,000 யென். ஆறே மாதத்தில். முதலிலேயே வாங்கியவர்களுக்கு இருபது பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தார்கள், இவாடா தன் சம்பளத்தில் பாதியை விட்டுக்கொடுத்தார். கூடவே அந்த ஆண்டு நவம்பரில் 'சூப்பர் மாரியோ 3டி லேண்ட்', டிசம்பரில் 'மேரியோ கார்ட் 7' வந்தன. விலை குறைந்த சூட்டோடு கேமும் வந்ததுதான் காப்பாற்றியது. கடைசியில் 7.5 கோடிக்கு மேல் விற்றது.

வீ யூவுக்கு அடுத்து வந்த ஸ்விட்சில் மட்டும் ஏன் பஞ்சம் வரவில்லை?

2017 காலண்டரைப் பாருங்கள். மார்ச் 3: கன்சோலும் 'ஸெல்டா: ப்ரெத் ஆஃப் த வைல்ட்'-உம். ஏப்ரல்: 'மேரியோ கார்ட் 8 டீலக்ஸ்'. ஜூன்: 'ஆர்ம்ஸ்'. ஜூலை: 'ஸ்ப்ளாட்டூன் 2'. ஆகஸ்ட்: யூபிசாஃப்டின் 'மாரியோ + ராபிட்ஸ்'. அக்டோபர்: 'சூப்பர் மாரியோ ஒடிசி'. டிசம்பர்: 'ஸீனோபிளேட் கிரானிக்கிள்ஸ் 2'. எதையும் முதல் நாளே கொட்டவில்லை. இடைவெளி விடாமல் ஒவ்வொன்றாக வெளியிடுவதுதான் திட்டம் என்று அப்போதைய தலைவர் தட்சுமி கிமிஷிமா வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

இதற்குப் பின்னால் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, 2015-இல் உள் ஸ்டுடியோக்களை ஒரே பிரிவாக இணைத்தார்கள். ஸ்விட்ச் கையிலும் விளையாடலாம், டிவியிலும் விளையாடலாம் என்பதால் எல்லாக் குழுவின் உழைப்பும் ஒரே மெஷினுக்குப் போனது. இன்னொன்று, வீ யூவில் கவனிக்கப்படாமல் போன கேம்கள் இப்போது குதிரில் பத்திரமாகக் கிடந்த விதைநெல் ஆயின. 'மேரியோ கார்ட் 8' வீ யூவில் சுமார் 84 லட்சம் விற்றது. அதே கேம் கொஞ்சம் மெருகேறி ஸ்விட்சில் 6 கோடியைத் தாண்டியது.

ஆனால் யார் செலவில் இது நடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ப்ரெத் ஆஃப் த வைல்ட் வீ யூவுக்கென்று அறிவித்த கேம். 2015-இல் வர வேண்டியது தள்ளிப்போய்த் தள்ளிப்போய், கடைசியில் புது மெஷினோடு சேர்த்து வந்தது. வீ யூவிலும் அதே நாளில் வந்தது என்றாலும், வீ யூ வைத்திருந்தவர்களுக்கு 2016 முழுக்கக் காய்ந்த ஆண்டு. புது கன்சோலின் முதல் வருடம் செழிப்பாக இருந்தால், பழைய கன்சோலின் கடைசி வருடத்தைத் திரும்பிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கிருந்துதான் எடுத்திருப்பார்கள்.

கேம் தயாராகும்வரை கன்சோலைத் தள்ளிப்போடலாமே?

ஸ்விட்ச் விஷயத்தில் ஓரளவு அப்படித்தான் செய்தார்கள், கிறிஸ்துமஸை விட்டுவிட்டு மார்ச்சில் வெளியிட்டார்கள். எதிர்த்திசையில் போனால் என்ன ஆகும் என்பதற்கு சேகா கம்பெனியின் சாட்டர்ன் கன்சோல் இருக்கிறது. அமெரிக்காவில் 1995 செப்டம்பரில் வர வேண்டியதை, பிளேஸ்டேஷனை முந்துவதற்காக மே 11 அன்று ஒரு கேம் கண்காட்சியில், இன்றே கடையில் கிடைக்கும் என்று 399 டாலருக்கு அறிவித்தார்கள். வெளி ஸ்டுடியோக்கள் எல்லாம் செப்டம்பரை நம்பி வேலை செய்துகொண்டிருந்தன. கோடை முழுக்க சாட்டர்னில் விரல்விட்டு எண்ணக்கூடிய கேம்கள். அதே கண்காட்சியில் சோனி சொன்ன விலை 299 டாலர். அந்த அடியிலிருந்து அமெரிக்காவில் சாட்டர்ன் எழவே இல்லை.

பிஎஸ்2-க்கும் ஆரம்பத்தில் கேம் இல்லை என்கிறார்களே?

உண்மைதான். 2000-த்தில் வந்தபோது பேர் சொல்லும் கேம் குறைவு. ஆனால் அது டிவிடியும் ஓட்டும், பிஎஸ்1 டிஸ்க்கும் ஓட்டும். படம் பார்க்கவே வாங்கியவர்கள் ஏராளம். 2001-இல் 'கிரான் டூரிஸ்மோ 3', 'டெவில் மே க்ரை', 'ஃபைனல் ஃபேன்டசி 10', 'ஜிடிஏ 3', 'மெட்டல் கியர் சாலிட் 2' என்று வரிசையாக இறங்கியபோது கன்சோல் ஏற்கெனவே வீட்டில் இருந்தது.

பிஎஸ்5 வந்து இவ்வளவு காலம் ஆகியும் பிஎஸ்4 கேம்தானே ஆடுகிறோம்?

இது புது வகைப் பஞ்சம். கேம்கள் நிறைய உண்டு, நன்றாகவும் இருக்கின்றன. புது மெஷின் இல்லாமல் ஓடாது என்று சொல்லத்தக்கவை குறைவு. 2020 நவம்பரில் பிஎஸ்5 வந்தபோது 11 கோடிக்கு மேற்பட்ட பிஎஸ்4 வெளியே இருந்தன. அத்தனை பேரை விட்டுவிட்டு 20 கோடி டாலர் கேமை யார் விற்பார்கள்? அதனால் 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்', 'கிரான் டூரிஸ்மோ 7', 'காட் ஆஃப் வார் ரேக்னராக்' மூன்றும் இரண்டு கன்சோலிலும் வந்தன. 2021 ஜூனில் வந்த 'ராட்செட் அண்ட் க்ளாங்க்: ரிஃப்ட் அபார்ட்'-டுக்குப் பிறகு, ரீமேக்கையும், தலையில் திரை மாட்டி ஆடும் விஆர் கேம்களையும் விட்டால், சோனியின் சொந்த ஸ்டுடியோவிலிருந்து பிஎஸ்5-இல் மட்டுமே வந்த அடுத்த பெரிய கதைக் கேம் 2023 அக்டோபரின் 'ஸ்பைடர்-மேன் 2'தான்.

எக்ஸ்பாக்ஸ் நிலை இதைவிட மோசம். கன்சோலோடு வர வேண்டிய 'ஹேலோ இன்ஃபினிட்' 2021 டிசம்பருக்குத் தள்ளிப்போனது.

முதல் நாளிலேயே அருமையான கேம் வந்ததே கிடையாதா?

உண்டு. சூப்பர் மாரியோ 64, முதல் எக்ஸ்பாக்ஸில் 'ஹேலோ', வீயில் 'வீ ஸ்போர்ட்ஸ்'. மாரியோவும் வீ ஸ்போர்ட்ஸும் கன்ட்ரோலரோடு சேர்ந்தே வளர்ந்தவை.

அண்மைக் காலத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பிஎஸ்5-க்குள் இலவசமாகவே இருக்கும் 'ஆஸ்ட்ரோஸ் ப்ளேரூம்'. அந்தச் சின்ன ரோபோ உலோகத் தரையில் நடந்தால் உள்ளங்கையில் டிக் டிக் என்று தட்டும். மணலில் நரநரக்கும். மழை பெய்தால் துளித்துளியாக விழுவது கன்ட்ரோலரில் தெரியும். ஸ்பிரிங் உடையில் குதிக்க ட்ரிக்கரை அழுத்தினால், நிஜமான ஸ்பிரிங் மாதிரி அது விரலை எதிர்த்துத் தள்ளும். இதைப் பழைய கன்சோலில் செய்யவே முடியாது. காசு கொடுத்து வாங்கிய பல கேம்கள் அந்தக் கன்ட்ரோலரை இந்த அளவுக்குப் பயன்படுத்தவில்லை என்பதுதான் ஆதங்கம்.

ஸ்விட்ச் 2 எப்படி?

2025 ஜூன் 5-இல் 'மேரியோ கார்ட் வேர்ல்ட்'-ஓடு வந்தது, ஜூலையில் 'டாங்கி காங் பனான்சா', அக்டோபரில் போக்கிமான், நவம்பரில் 'கிர்பி ஏர் ரைடர்ஸ்', டிசம்பரில் 'மெட்ராய்ட் பிரைம் 4'. அதே 2017 உத்திதான். சொந்த கேம்களைப் பொறுத்தவரை முதல் வருடத்தைப் பஞ்சம் என்று சொல்ல மாட்டேன். வெளி ஸ்டுடியோக்களிடமிருந்து முதல் நாள் வந்தவற்றில் பெரும்பாலானவை பழையவை. 'சைபர்பங்க் 2077' 2020-இல் வெளியான கேம்.

காத்திருந்தால் விலையாவது குறையுமா?

முன்பெல்லாம் குறையும். 2006-இல் 599 டாலருக்கு விற்ற பிஎஸ்3, 2009-இல் மெலிந்து 299 டாலருக்கு வந்தது. இப்போது அந்த நம்பிக்கையை வைத்துக்கொள்ளாதீர்கள். இந்தியாவில் பிஎஸ்5 2021 பிப்ரவரி 2-இல் 49,990 ரூபாய்க்கு வந்தது. 2022 நவம்பரில் 54,990 ஆக்கினார்கள். நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை, இறக்குமதி செய்பவர் வைத்ததுதான் விலை.

எனவே விலைக்காகக் காத்திருக்க வேண்டாம், கேமுக்காகக் காத்திருங்கள். என் அளவுகோல் இது: அந்தக் கன்சோலில் மட்டுமே கிடைக்கிற, நீங்கள் நிஜமாகவே விளையாட ஆசைப்படும் கேம் மூன்று கடைக்கு வந்துவிட்டதா? வந்திருந்தால் வாங்குங்கள். கேம் ஒன்று 4,999 ரூபாய் என்றிருக்கும்போது, மற்றவர்கள் எல்லாரும் வாங்குகிறார்கள் என்பது போதுமான காரணம் இல்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

டிஸ்க் போடும் பிஎஸ்5 என்றால் பழைய பிஎஸ்4 டிஸ்க்குகளைத் தேடுங்கள். செகண்ட் ஹேண்டில் புதிய கேம் விலையில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். 2018-இன் 'காட் ஆஃப் வார்' பிஎஸ்5-இல் நொடிக்கு 60 ஃபிரேமில் ஓடுகிறது, அதற்குத் தனியாகக் காசு இல்லை. போன தலைமுறையில் விட்டுப்போனதை முடிக்க இதைவிட நல்ல நேரம் அமையாது. ஸ்விட்ச் 2-இலும் பழைய ஸ்விட்ச் கேம்களில் பெரும்பாலானவை ஓடும். சிலவற்றுக்கு இலவச அப்டேட், சிலவற்றுக்குக் கட்டணம்.

அப்புறம், சின்ன கேம்களைத் தவறவிடாதீர்கள். பெரிய ஸ்டுடியோ ஓய்ந்திருக்கும் மாதங்களில்தான் சின்ன ஸ்டுடியோக்கள் கண்ணில் படும். ஸ்விட்ச் வந்த முதல் நாளில் எல்லாரும் ஸெல்டாவைப் பேசிக்கொண்டிருந்தபோது கூடவே 'ஸ்னிப்பர்கிளிப்ஸ்' என்று ஒன்று டவுன்லோடுக்கு வந்தது. இரண்டு காகித உருவங்கள். ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். பந்தை எடுக்கக் கிண்ணம் வேண்டுமா, உன் தலையை அரைவட்டமாக நான் வெட்டுகிறேன். பக்கத்தில் இருப்பவரோடு பேசாமல், கத்தாமல் ஒரு புதிரைக்கூட முடிக்க முடியாது. இருவர் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆட, அந்த ஆண்டு ஸ்விட்சில் அதைவிட நல்ல கேம் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.